புல்லுவண்டி வீடு

மேலப்பாளையத்தில் எங்கள் தெருவுக்குள் வந்து என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கேட்டால் பலருக்குச் சட்டென்று தெரியாது. "புல்லுவண்டி வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். அந்தப் பெயர் எங்களுக்கு வந்தது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய மரப்பெட்டி மினிலாரியில் வந்து இறங்கிய அன்று.

அவர் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் சவூதி வேலையை முடித்துக்கொண்டு வந்திருந்தார். சென்ட் பாட்டில், போர்வை, டார்ச் லைட் எல்லாம் கையோடு கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது. "பெரிய சாமான் ஒண்ணு கப்பல்ல வருது" என்று மட்டும் சொல்லியிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, "வண்டி. நான் ஓட்டுன வண்டி. அரபி எனக்கே குடுத்துட்டாரு" என்றார்.

வண்டி என்றால் எங்களுக்குக் கார்தான். எனக்கு மாப்பிள்ளை பார்த்ததே 'சவூதியில் டிரைவர்' என்று சொல்லித்தான். பார்த்தது என் காக்கா. அண்ணனை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணம் முடிந்து அவர் திரும்பிப் போன பிறகு மாதத்துக்கு ஒரு கேசட்டில் பேசி அனுப்புவார். அதை டேப் ரிக்கார்டரில் போட்டு வீடே சுற்றி உட்கார்ந்து கேட்போம். "காலைல சுபுஹு தொழுதுட்டு வண்டிய எடுத்தம்னா வெயில் ஏறுதவரைக்கும் ஓட்டுவேன். பொறவு கழுவித் தொடச்சு நிறுத்திருவேன்" என்று சொல்லுவார். வெயில் ஏறியதும் நிறுத்திவிடுகிற கார் என்ன கார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஷேக்கு வீட்டு ஏசி கார் என்று காக்கா ஊரெல்லாம் சொல்லியிருந்தான். சுற்றிய பீடியைக் கொடுக்கக் கடைக்குப் போகிற இடத்தில் நானும் அதை மறுத்ததில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பெட்டி வந்த அன்று காக்கா தன் ஜவுளிக் கடையைச் சாத்திவிட்டே வந்திருந்தான். பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. கார் அந்த அளவுக்குள் அடங்காது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். தெருவே கூடி நிற்க, கடப்பாரையால் பலகையைப் பெயர்த்தார்கள். உள்ளே சிவப்பாக ஒன்று. நாலு சக்கரம், ஒரு ஸ்டியரிங், ஒரே ஒரு ஆள் உட்காருகிற சீட்டு, வயிற்றுக்கடியில் கவிழ்த்து வைத்த தாம்பாளம் மாதிரி ஒரு தகரம். டிராக்டரை யாரோ அடித்து உட்காரவைத்த மாதிரி இருந்தது.

பிறகு எதிர்வீட்டுப் பெரியவர், அவரும் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர்தான், குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார். "இது புல்லு வெட்டுத மிஷினுலா. அங்கன பெரிய பெரிய பங்களாவுல கெடக்கும். தோட்டக்காரன் ஓட்டுவான்."

"ஆமா மாமா" என்றார் என் வீட்டுக்காரர். "இதத்தான் ஓட்டுனேன்."

அவர் அதை மறைத்துப் பேசவில்லை. பெருமையாகக்கூடச் சொல்லவில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர் ஆட்டோ என்று சொல்வது மாதிரி சொன்னார். யாரோ சிரித்தார்கள். நான் காக்காவின் முகத்தைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். நான் உள்ளே போய் பீடிச் சொளவை, இலையும் தூளும் வைக்கிற முறத்தை, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இலையைக் கையில் எடுத்தேன், சுற்ற வரவில்லை. வெளியே பிள்ளைகள் புல்லுவண்டி, புல்லுவண்டி என்று கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது.

இந்த ஊரில் அதை வைத்து என்ன செய்யலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. மில் குவார்ட்டர்ஸ், கிளப், கலெக்டர் பங்களா, பள்ளிக்கூட மைதானம் என்று எங்கெங்கோ போய்க் கேட்டார். எல்லா இடத்திலும் ஆள் வைத்து அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார்கள், அல்லது மாட்டை விட்டு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச மாதத்தில் அவர் லைசென்ஸ் எடுத்து வண்ணார்பேட்டை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டப் போனார். மெஷினை வீட்டுக்குப் பக்கத்து முடுக்குச் சந்தில் தள்ளி, மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டுக் கட்டினார். அது அங்கேயே கிடந்தது. வருஷங்கள் ஓடின. கோழி அதற்கடியில் முட்டையிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தார்ப்பாய்க்குள் புகுந்து பஸ் விளையாடினார்கள். பழைய இரும்புக் கடைக்கு விற்றுவிடலாம் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப்பார்த்தேன். "கெடக்கட்டும்ளா" என்பார். அவ்வளவுதான் பேச்சு. முடுக்கைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகியிருந்தேன்.

ஒரு வருஷம் அடைமழை கொட்டித் தீர்த்தது. தாமிரபரணியில் வெள்ளம் போய் வடிந்த பிறகு பார்த்தால் திருநெல்வேலி முழுக்கக் காலி மனையெல்லாம் பச்சையாக நின்றது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் கை கழுவிவிட்டு உட்காராமல் முடுக்குக்குள் போனார். தார்ப்பாய் விலகுகிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன்.

"என்ன செய்யுதீங்க?"

"பாளையங்கோட்டையில பொம்பளப் பிள்ளைக காலேஜ் ஒண்ணு இருக்குல்லா. அந்த பிரின்சிபால் அம்மா இன்னைக்கு ஆட்டோவுல வந்தாவ. மைதானம் பூரா முழங்காலளவு புல்லு, பாம்பு கெடக்கு, விளையாட்டு விழா வருது, என்ன செய்யன்னு தெரியலன்னு கூட வந்தவங்ககிட்ட சொல்லிட்டு வந்தாவ. எங்கிட்ட மிஷின் இருக்குன்னேன்."

"ஓடுமா அது?"

"ஓட வைக்கணும்."

அந்தக் கல்லூரியில்தான் என் காக்கா மகள் படித்துக்கொண்டிருந்தாள். அதை அவரிடம் சொன்னேன். அவர் தெரியும் என்பது போலத் தலையை அசைத்துவிட்டு சீட்டுக்கு முன்னால் இருந்த மூடியைத் தூக்கினார்.

உள்ளே எஞ்சினே தெரியவில்லை. எலி வைக்கோலும் துணிக்கிழிசலும் கொண்டுவந்து கூடு கட்டி வைத்திருந்தது. என் பழைய தாவணித் துண்டு ஒன்றும் அதில் இருந்தது. அதையெல்லாம் கை கையாக அள்ளிப் போட்டார். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஊறட்டும் என்று விட்டுவிட்டு ஆட்டோவுக்குப் போய்விட்டார். அப்புறம் தினமும் மத்தியானம் வந்து ஒரு மணி நேரம் அதோடு கிடந்தார். டயர்கள் வெடித்திருந்தன, உள்ளே டியூப் போட்டார். பெல்ட் கையில் எடுத்ததும் பொடியாக உதிர்ந்தது. வண்ணார்பேட்டையில் மாவு மில்லுக்குச் சாமான் விற்கிற கடையில் போய் அதே நீளத்துக்கு ஒன்று தேடி வாங்கி வந்தார். முதலில் வாங்கியது கொஞ்சம் பெரிசு, திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினார்.

பெட்ரோல் டேங்குக்குள் துரு. அதைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இதுக்குள்ள சின்னக் கல்லா பாத்துப் போட்டு, கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் குலுக்கு" என்றார். நான் முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் அதற்குள் குனிந்துவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்து குலுக்கினேன். கொட்டக் கொட்டச் செங்கல் பொடி மாதிரி வந்துகொண்டே இருந்தது. பெட்ரோல் நாற்றம் ரெண்டு நாள் வீட்டை விட்டுப் போகவில்லை. சோறு தின்னும்போதும் அதே வாடை.

கார்புரேட்டரைத் திறந்தபோது உள்ளே பழைய பெட்ரோல் காய்ந்து வெல்லப்பாகு மாதிரி ஒட்டியிருந்தது. அதில் ஜெட் என்று பித்தளையில் ஒரு சின்னச் சாமான். நடுவில் மயிர்க்கால் அளவுக்குத் துளை, அது அடைத்திருந்தது. வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையைப் பிரித்து அதற்குள் விட அவர் எவ்வளவோ பார்த்தார், விரல் பெரிசு. என்னிடம் கொடுத்தார். பீடி சுற்றுகிற கை, எனக்கு அது உடனே வந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளைக்கு அந்தப் பக்கம் வானம் புள்ளியாகத் தெரிந்தது. "போச்சா?" என்றார். "போச்சு" என்றேன். இருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்து வெகுநாள் ஆகியிருந்தது. இதற்காகவா சேர வேண்டும் என்று இருந்தது எனக்கு.

எல்லாம் மாட்டி, ஒரு கார் பேட்டரியை இரவலாகக் கொண்டுவந்து வைத்து, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து சாவியைத் திருப்பினார். நின்றபடியே திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. ஏறி உட்கார்ந்து திருப்பினார். எஞ்சின் உருண்டது, பிடிக்கவில்லை. கார்புரேட்டர் வாயில் கொஞ்சம் பெட்ரோல் விட்டால் பிடிக்கும் என்றார். ஆனால் அவர் இறங்கிக் கீழே நின்று பெட்ரோல் விட்டால் சீட்டில் ஆள் இல்லை.

"ஏளா, ஏறி உக்காரு."

"நானா?"

"சீட்டுக்கடியில சுவிட்ச் இருக்கு. ஆள் உக்காந்தாத்தான் ஸ்டார்ட் ஆவும். ஆள் எறங்கிட்டா நின்னுரும். அப்படித்தான் செஞ்சிருக்கான்."

"சீட்டுல ஒரு கல்லத் தூக்கி வைங்க."

"கல்லு சாவியத் திருப்புமா?"

முடுக்கின் இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார வேண்டியிருந்தது. அப்படி நான் எதன் மேலும் உட்கார்ந்ததில்லை. அவர் குனிந்து, "திருப்பு" என்றார். திருப்பினேன். எஞ்சின் உருண்டு, இருமி, கறுப்பாக ஒரு புகையைக் கக்கிவிட்டு மடமடவென்று பிடித்துக்கொண்டது. அந்தச் சந்துக்குள் அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தது. ஜும்மா முடிந்து தெருவில் நின்ற ஆட்களெல்லாம் முடுக்கு வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் இறங்கப் பார்த்தேன். "எறங்காத, எறங்காத, நின்னுரும்" என்று அவர் கையைக் காட்டினார். கை முழுக்க எண்ணெய், முகத்தில் சிரிப்பு. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டு, உடம்பெல்லாம் அதிர, அங்கேயே உட்கார்ந்திருந்தேன். "புல்லுவண்டி ஓடிட்டுவே" என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள்.

கல்லூரிக்கு நானும் போக வேண்டியிருந்தது. புல்லுக்குள் கல்லோ பாட்டிலோ கிடந்தால் பிளேடு தெறித்துவிடும், முன்னால் ஒரு ஆள் நடந்து பொறுக்கிக்கொண்டே போக வேண்டும் என்றார். சம்பள ஆள் வைக்கலாம் என்றேன். "நீ பாத்துப் பொறுக்குத மாதிரி அவன் பொறுக்க மாட்டான்" என்றார். அவர் காலையிலேயே மெஷினை ரோட்டில் ஓட்டிக்கொண்டு பைய பைய போய்ச் சேர்ந்தார். நான் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினேன்.

மைதானம் பெரிசு. நான் கம்பால் தட்டிக்கொண்டு, சாக்கில் கல்லைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு போக, பின்னால் அவர் வந்தார். முதல் வரிசை வெட்டி முடித்துத் திரும்பியபோது நான் நின்று பார்த்தேன். அவர் அதன் மேல் உட்கார்ந்திருந்த விதம் வேறு மாதிரி இருந்தது. ஆட்டோவில் எப்போதும் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்காருவார். இதில் நிமிர்ந்து, ஒரு கை தளர்வாக, கண் எங்கோ தூரத்தில். நூல் பிடித்த மாதிரி வரிசை போயிற்று. மூலையில் ஒரே வளைப்பில் திரும்பினார். புல் வெட்டிய வாசனை எழுந்து வந்தது.

மணி அடித்து வகுப்பு விட்டதும் பிள்ளைகள் வராந்தாவில் கூடிவிட்டார்கள். கைகொட்டிச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, வேடிக்கை பார்க்கிற சிரிப்புதான். அந்தக் கூட்டத்தில் என் காக்கா மகளைப் பார்த்தேன். அவளும் முதலில் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அவர் வராந்தாவை ஒட்டிய வரிசைக்கு வந்தபோது ஆளைத் தெரிந்துவிட்டது. சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்தவள் என்னவோ கேட்டாள். இவள் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தாள். பிறகு அவள் கண் என்னைத் தேடியது. நான் துப்பட்டியை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டேன். என்னை மறைக்க மட்டும் அல்ல. என்னைத் தெரியும் என்று அவள் ஒத்துக்கொள்ள வேண்டிய கஷ்டம் அவளுக்கு வேண்டாம் என்றும்தான்.

அந்த யோசனையில் கம்பைச் சரியாகத் தட்டாமல் போயிருப்பேன். மண்ணோடு மண்ணாக நின்ற ஒரு இரும்பு முளை என் கண்ணில் படவில்லை. பின்னால் பெரிய சத்தம். மெஷின் குதித்து நின்றது. வராந்தா முழுக்க ஓவென்று சத்தம் போட்டது. அவர் இறங்கிக் கவிழ்ந்து படுத்துப் பார்த்தார். பிளேடு வளைந்துவிட்டது. "கழட்டிக் கொண்டுபோய் லேத்துல தட்டணும். மிச்சம் நாளைக்குத்தான்" என்றார். என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. மைதானம் பாதி சிரைத்த தலை மாதிரி கிடந்தது.

சாயங்காலம் காக்கா எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"மச்சான், ஒங்களுக்கு வேற எடமே கெடைக்கலையா?"

"கூப்ட்ட எடத்துக்குத்தான மச்சான் போவ முடியும்."

"பிள்ளைக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கேன். அவ வீட்டுக்கு வந்ததுல இருந்து சாப்புடல. அவ கூட்டாளியெல்லாம் கேலி பண்ணுதாளுவளாம்." பிறகு என் பக்கம் திரும்பினான். "நீயுமாளா போயி அங்கன கல்லு பொறுக்கணும்? நம்ம வாப்பா இருந்தா என்ன சொல்லிருப்பாவ?"

காலையிலிருந்து நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவன் சொன்னான். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்குப் போவல மச்சான். அந்த அம்மாகிட்ட சொல்லிருதேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு என்னவோ செய்தது. பெட்டியைத் திறந்த அன்றுகூட அந்தக் குரல் அப்படி இல்லை.

"பாதி வெட்டியாச்சு காக்கா" என்றேன். "அப்படியே போட்டுட்டு வந்தா நல்லாருக்காது."

"பாதியோட நின்னா என்ன?"

"எனக்கு நல்லாருக்காது."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டான். தைரியம் வந்து சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். மறுநாள் பஸ் ஏறும்போதும் எனக்குக் கால் கூசியது. அந்தக் கூச்சத்தோடேதான் போனேன்.

அன்று காக்கா மகள் வகுப்புக்கு வரவில்லை என்று பிறகு தெரிந்தது. மத்தியானத்துக்கு முன் முழு மைதானமும் முடிந்துவிட்டது. பிரின்சிபால் அம்மா வெளியே வந்து குடையைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"இவ்வளவு நேரா வெட்ட எங்கப்பா கத்துக்கிட்ட?"

"சவூதியில ஒரு அரபி வீட்டுலம்மா. அதான் வேலை."

"பாலைவனத்துல ஏது புல்லு?"

"அவரோட உம்மாவுக்காவப் போட்டதும்மா. அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாது. தெனமும் காலைல நாற்காலி போட்டு ஓரத்துல உக்காந்திருப்பாவ. புல்லு வெட்டுத வாசம் அவுகளுக்குப் பிடிக்கும். அதுக்காவ வெட்டத் தேவையில்லாத நாள்லயும் ஒரு சுத்து ஓட்டச் சொல்லுவாவ. அவுக மவுத்தானதும் புல்லு வேண்டாம்னு தண்ணிய நிறுத்திட்டாரு. எல்லாம் காஞ்சு போச்சு. மிஷின நீயே எடுத்துக்கன்னுட்டாரு."

அந்த அம்மா உச்சுக்கொட்டிவிட்டு உள்ளே போனார். நான் கல்லுச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷமாக என் முடுக்கில் கிடந்த சாமானின் கதை அது. குடை பிடித்து நின்ற ஒரு அன்னிய மனுஷி போகிற போக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டார். எனக்கு அதைக் கேட்கத் தோன்றியதே இல்லை. வராந்தாவில் பிள்ளைகள் சிரித்தபோது வந்த வெட்கம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. இந்த வெட்கம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கல்லூரியில் பிறகும் மழை முடிந்தால் கூப்பிட்டார்கள். ஒன்றிரண்டு மில்களிலும் கூப்பிட்டார்கள். நாலைந்து வருஷம் ஓடி, ஒரு சாமான் உடைந்து, அது எங்கும் கிடைக்காமல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் தோப்பு வைத்திருந்த ஒருவருக்கு எஞ்சினை மட்டும் கொடுத்தோம். காக்கா மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணமானது. அவள் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் இல்லை.

மைதானம் வெட்டி முடித்த அன்று திரும்பும்போது நான் பஸ்ஸில் ஏறவில்லை. அவர் மெஷினை ஓட்ட, நான் பக்கத்தில் நடந்தேன். "அந்தக் கண்ணு தெரியாத அம்மா ஒங்ககிட்ட பேசுவாங்களா?" என்று கேட்டேன். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன். அவர் ஓரமாக ஒதுக்கிச் சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு, "என்ன கேட்ட?" என்றார். அதன் பிறகு அது பிடிக்கவில்லை. எவ்வளவோ பார்த்தார். கடைசியில் அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தள்ள, நான் பின்னால் தள்ள, குலவணிகர்புரம் ரயில்வே கேட் வரை வந்தோம். கேட் சாத்தியிருந்தது. இரண்டு பக்கமும் பஸ், சைக்கிள், வாழைத்தார் ஏற்றிய லாரி. பஸ்ஸின் ஜன்னல்களில் எல்லாரும் எட்டி எங்களைத்தான் பார்த்தார்கள். தெரிந்த முகங்களும் இருந்தன.

"பேசுவாவ" என்றார் அவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு அப்ப அரபி தெரியாது. அவுகளா பேசிக்கிட்டே இருப்பாவ. நான் ஆமா ஆமாம்பேன். ஒரு நா என்ன நடந்துச்சு தெரியுமா..."

ரயில் வர வெகுநேரம் ஆனது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டு நின்றேன்.